முதல் ‘வேண்டாம்’

குஸ்டாவ் காணாமல் போனதைக் கண்டுபிடித்தவர் போலீஸ் சீஃப் ஹார்லன். அதனால் அது மிகவும் சத்தமாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

"யாரும் அசையக் கூடாது!"

கூட்டறையில் இருந்தது இரண்டே பேர். துப்பறியும் அதிகாரி வெர்னா, அவளுடைய உதவியாளர் க்ளைட். இருவரும் மடக்கு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். க்ளைட் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. உடம்பு கொஞ்சம் ஆடியது.

"சீஃப், இந்தக் காலைக் கீழே வைக்கலாமா? இல்ல, இதுவும் தடயமா?"

ஹார்லன் சுவரைக் காட்டினார். இரண்டு கொக்கிகள். சுவரின் பச்சை வண்ணம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. கொக்கிகளுக்குக் கீழே மட்டும், மீன் வடிவத்தில், புதுப் பச்சை.

குஸ்டாவ் பதினான்கு பவுண்டு ஏரி மீன். பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஹார்லன் பிடித்தது. பாடம் செய்து, பலகையில் ஏற்றி, ஸ்ப்ரூஸ் லேக் போலீஸ் நிலையத்தில் மாட்டியிருந்தார். உறைந்த ஏரியில் மீன்பிடிப் போட்டிக்குப் போகிறவர்கள் குஸ்டாவின் வயிற்றைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். போட்டி நாளைக் காலை.

அன்று காலைதான் அந்த அறையில் ‘போலீஸோடு ஒரு காபி’ நடந்திருந்தது. ஊர்க்காரர்கள் போலீஸைக் கண்டு ஒதுங்காமல் வந்து பேச வேண்டும் என்று வெர்னா ஆரம்பித்த ஏற்பாடு. போன மாதம் ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் வழி கேட்க வந்தவர்கள். இன்று நாற்பது பேர்.

"நம்பிக்கை வளர்க்கறோம்னு நாற்பது பேரை உள்ளே விட்டோம். நாற்பத்தோராவதா மீன் வெளியே போயிடுச்சு," என்றார் க்ளைட். காலைக் கீழே வைத்துவிட்டார்.

கொக்கிகளுக்குக் கீழே இருந்த மேசையை வெர்னா பார்த்தாள். ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு இளஞ்சிவப்பு உருண்டை ஒட்டியிருந்தது. க்ளைட் அதைப் பேனாவால் தள்ளி உறைக்குள் போட்டு, மேலே எழுதினார்: ‘சூயிங் கம். மென்றது.’

"கம்மா?" ஹார்லனின் மீசை நிமிர்ந்தது. "அந்த ஸ்கூல் பஸ் டிரைவர் லமான்ட்! எந்நேரமும் கம் மெல்லுறான்."

"மெல்லுறார்," என்றாள் வெர்னா.

"மெல்லுறார். காலையில இந்த மேசைகிட்டதான் நின்னார். எதிர்வீட்டு ஆள் வேற இப்பதான் போன் பண்ணினார். பதினோரு மணிக்கு லமான்ட் நீளமா எதையோ கம்பளியில சுத்தி கராஜுக்குள்ள கொண்டு போனானாம். போனாராம்."

லமான்ட் ஆறு மாதத்துக்கு முன் சிகாகோவிலிருந்து வந்தவர். ஊரில் இருந்த நான்கு கறுப்பினக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பனி கொட்டும் நாளிலும் பஸ் ஒரு நிமிடம் தாமதமானதில்லை.

"ஸ்கூலுக்கும் சொல்லிட்டேன்," என்றார் ஹார்லன். "மூணு மணிக்குள்ள விஷயம் தெளிவாகலேன்னா, அவர் ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்களாம். நிரந்தரமா."

வெர்னா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று இருபது.

"ஒரு கம்முக்காகவா சீஃப்?"

"கம்மும் கம்பளியும்."

*

லமான்டின் வீட்டுப் படியில் மூன்று பேரும் நின்றார்கள். பூஜ்யத்துக்கு வெகு கீழே போன குளிர். க்ளைட் பேசினால் வார்த்தைக்கு முன் புகை வந்தது.

கதவு திறந்தது. உயரமான மனிதர். பஸ் டிரைவர் சீருடையில் தயாராக இருந்தார். வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே.

"லமான்ட், உங்க கராஜைக் கொஞ்சம் பார்த்துக்கலாமா?" என்றார் ஹார்லன்.

"வேண்டாம்."

ஹார்லன் நட்பாகச் சிரித்தார். "ஒரே நிமிஷம்தான்."

"வேண்டாம்."

ஹார்லனின் சிரிப்பு இன்னும் அகலமானது. "ஷூவைக் கழட்டிட்டே வர்றேன்."

"வேண்டாம் சார்."

சிரிப்பு நின்றது. ஹார்லன் திரும்பி வெர்னாவின் காதில் சொன்னார். "மூணு தடவை சொல்றாரு! பார்த்தியா? உள்ளே என்னமோ இருக்கு!"

அவர் அதிர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்ப்ரூஸ் லேக்கில் யாராவது காபி கொடுத்தால் முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்கு. இரண்டாவது, கொடுக்கிறவர் உண்மையாகத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது முறை கேட்டால் ‘சரி, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா’ என்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஹார்லன் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். மூன்றாவது ‘வேண்டாம்’ எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

"சீஃப், அவர் முதல் தடவையே சொல்லிட்டார்," என்றாள் வெர்னா. "அரசியல் சட்டத்தோட நாலாவது திருத்தம். அனுமதி இல்லேன்னா ஜட்ஜோட வாரன்ட் வேணும்."

"என் சாப்பாட்டு டப்பா மூடியில எழுதியே ஒட்டி வெச்சிருக்கேன்," என்றார் க்ளைட். "தினமும் சாண்ட்விச்சுக்கு முன்னாடி படிப்பேன்."

லமான்ட் கதவை மூடினார். ஹார்லன் கராஜ் பக்கம் நடந்தார். அதன் கதவு அரை அடி திறந்திருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இப்ப இந்தப் பேனா தற்செயலா உருண்டு உள்ளே போச்சுன்னு வெச்சுக்கோ..."

பேனா தற்செயலாக உருண்டது. வெர்னாவின் பூட்ஸ் தற்செயலாக அதன் மேல் வந்து நின்றது.

*

காரில் உட்கார்ந்து ஜட்ஜுக்குப் போன் போட்டார்கள். ஜட்ஜ் க்விஸ்ட் சூப் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அது தெளிவாகக் கேட்டது.

"என்ன ஆதாரம் ஹார்லன்?"

"கம்பளியில சுத்தின நீளமான பொருள், யுவர் ஆனர்."

"இது மின்னசோட்டா. ஜனவரி. நாளைக்கு மீன்பிடிப் போட்டி. என் கார்லயே கம்பளியில சுத்தின நீளமான பொருள் நாலு இருக்கு. வேற?"

"மென்ன கம்."

"வேற?"

"உள்ளே விட மாட்டேங்கறார். மூணு தடவை."

"விடாம இருக்கறது அவரோட உரிமை. அதையே அவருக்கு எதிரா ஆதாரம்னு எடுத்துட்டு வந்தா நான் என் சூப்பை மூடி வெச்சிட்டு உனக்குப் பாடம் எடுக்க வேண்டி வரும். சூப் சூடா இருக்கு. வெச்சிடறேன்."

ஹார்லன் போனைப் பைக்குள் போட்டார். பிறகு நிலையத்துக்குப் போவதாகச் சொல்லி இறங்கி நடந்தார். நிலையம் அடுத்த தெருதான்.

வெர்னா மறுபடி படியேறிக் கதவைத் தட்டினாள். சங்கிலி போட்ட கதவு நான்கு விரல் அளவு திறந்தது.

"நான் உள்ளே வரலே. நீங்க எங்களோட பேசணும்னு கட்டாயமும் இல்ல. மூணு மணிக்குள்ள நான் வேற வழி தேடறேன். என் கார்டை இங்கே வெச்சிட்டுப் போறேன். அவ்வளவுதான்."

கார்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். திரும்பி நடந்தாள். உண்மையாகவே நடந்தாள். க்ளைட் படியில் வழுக்கி, உட்கார்ந்தபடியே மூன்று படிகள் இறங்கினார்.

"ஆபீசர்."

லமான்ட் சங்கிலியைக் கழற்றியிருந்தார். கதவருகிலேயே நின்றார்.

"அவ்வளவுதானா? போறீங்களா?"

"வேண்டாம்னு சொன்னீங்களே."

லமான்ட் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். "நான் ஒண்ணு கேக்கலாமா? இந்த ஊர்க்காரங்களுக்கு என் மேல என்ன கோபம்? காலையில தட்டுல ஒரு எலுமிச்சைக் கேக் துண்டு இருந்துச்சு. கடைசித் துண்டு. எடுத்துச் சாப்பிட்டேன். மொத்த ரூமும் கப்சிப்னு ஆயிடுச்சு."

க்ளைட் பனியில் உட்கார்ந்தபடியே நெஞ்சில் கை வைத்தார்.

"முழுசாவா?"

"முழுசா."

"ஆண்டவரே!"

"என்ன தப்பு?"

"தம்பி, இங்கே கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டாங்க. பாதி வெட்டி எடுப்போம். அடுத்த ஆள் அந்தப் பாதியில பாதி. எங்கம்மா ஒரு தடவை அக்டோபர்ல செஞ்ச கேக், கிறிஸ்துமஸ் வரைக்கும் பாதியாயிட்டே இருந்துச்சு."

கணக்குப்படி அது தீரவே தீராது என்று வெர்னா நினைத்தாள். சொல்லவில்லை.

"நீங்க எடுக்கறப்போ மீன் எங்கே இருந்துச்சு?"

"என் தலைக்கு மேலதான். அதுவும் என்னைத்தான் முறைச்சுது. முன்பல் ஒண்ணு இல்லாத வாயை வெச்சுக்கிட்டு."

"அப்புறம்?"

"வெளியே வந்து கார்ல ஏறினேன். திரும்பிப் பார்த்தா எல்லாரும் ஜன்னல்ல நிக்கறாங்க. வேடிக்கை பார்க்கறாங்க."

"நீங்க மெல்லுற கம் என்ன நிறம்?"

லமான்ட் வாயைத் திறந்து காட்டினார். பச்சை. புதினா.

*

"க்ளைட், காலையில நான் உள்ளே காபி போட்டுக்கிட்டிருந்தப்போ நீங்களும் ஜன்னல்லதான் நின்னீங்களா?" காரில் ஏறியதும் கேட்டாள் வெர்னா.

"முன்வரிசையில பாஸ்."

"லமான்ட் கையில என்ன இருந்துச்சு?"

"கேக். பாதி தின்னது."

"பதினாலு பவுண்டு மீன்?"

"இல்ல. அப்ப எல்லாரும் அந்தக் கேக்கைத்தான் பார்த்தோம்." க்ளைடின் முகம் மாறியது. "அப்படின்னா அவருக்கு நாற்பது சாட்சி இருக்கு!"

"இதை ஏன் அப்பவே சொல்லலே?"

"ஒரு மனுஷன் கடைசித் துண்டைத் தின்னுட்டான்னு போலீஸ் நிலையத்துல வெச்சு எப்பிடிச் சொல்றது? அவர் மானம் என்ன ஆகறது?"

"சீஃப் எங்கே நின்னார்?"

"என் பக்கத்துலதான். நாங்க ரெண்டு பேரும் ஒரே கண்ணாடியில மூச்சு விட்டோம்."

வெர்னா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள். லமான்டை நிரபராதி என்று நிரூபிக்கும் சாட்சிதான் அவரைத் திருடன் என்று பள்ளிக்குப் போன் செய்திருக்கிறார்.

"ஆனா சீஃப் விட மாட்டார்," என்றார் க்ளைட். "அப்புறமா திரும்பி வந்து எடுத்திருக்கலாமேன்னு கேப்பார்."

அது சரிதான். மீன் கிடைத்தாக வேண்டும். மணி இரண்டு பத்து.

வெர்னா உறையைப் பிரித்து, இளஞ்சிவப்பு உருண்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். முகர்ந்தாள். புதினா இல்லை, சர்க்கரை இல்லை. மெழுகுவத்தி வாசனை. ஒரு பக்கம் ஊசியால் குத்தியது போல வரிசையாகப் புள்ளிகள். நடுவில் ஒரு இடைவெளி.

"இதை எந்த மனுஷனும் கடிக்கலே க்ளைட். பல்லு பாருங்க. எவ்வளவு சின்னது. நடுவுல ஒண்ணு இல்ல."

"குழந்தையா?"

"மீன்."

க்ளைட் அவளைக் கவலையோடு பார்த்தார். "பாஸ், குஸ்டாவ் செத்து பத்தொன்பது வருஷம் ஆச்சு. இப்ப கம் மெல்ல ஆரம்பிச்சிருக்காருன்னு சொல்றீங்களா?"

"கம் இல்ல. பல் அச்சு எடுக்கற மெழுகு. யாரோ குஸ்டாவ் வாயில இதை வெச்சு அழுத்தியிருக்காங்க. இந்த ஊர்ல பல் அச்சு எடுக்கறது யாரு?"

க்ளைட் தன் முன்பற்களை நாக்கால் தடவினார். அதில் இரண்டு சொந்தம் இல்லை.

"ஆர்டிஸ்!"

*

ஆர்டிஸ் பல் மருத்துவமனைக்குப் பின்தெருவில் இருந்தாள். பொய்ப்பல் செய்வதில் அந்த வட்டாரத்திலேயே கெட்டிக்காரி. உள்ளே சின்ன ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தபோது நெற்றியில் கண்ணாடி, கையில் தூரிகை.

"அட, வெர்னா! க்ளைட், பல்லு எப்பிடி இருக்கு? காபி சாப்பிடுறியா?"

"வேண்டாம் வேண்டாம்."

"ஒரு வாய்?"

"ஐயோ, எதுக்கு உனக்கு வேலை."

"போட்டாச்சு க்ளைட்."

"சரி, உனக்குச் சிரமம் இல்லேன்னா."

"நான் உள்ளே வரலாமா ஆர்டிஸ்?" என்றாள் வெர்னா. "வேண்டாம்னா இங்கேயே நின்னு பேசறேன்."

"இந்தக் குளிர்லயா? வாயேன்!"

மேசை மேல் விளக்கு வெளிச்சத்தில் குஸ்டாவ் மல்லாந்திருந்தார். கழுத்தில் காகிதத் துண்டு கட்டியிருந்தது, எச்சில் ஒழுகாமல் இருக்க நோயாளிக்குக் கட்டுவது போல. வாய்க்குள் புத்தம் புது முன்பல் மின்னியது.

க்ளைட் தொப்பியைக் கழற்றினார். "என்னோடதை விட நல்லா இருக்கே!"

"பதினோரு வருஷமா அந்த ஓட்டைப் பல்லைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கமே இல்ல," என்றாள் ஆர்டிஸ். "நாளைக்கு ஊரே வந்து தொடும். அதான் இன்னிக்கு எடுத்துட்டு வந்தேன். ஏன், என்ன ஆச்சு? வந்ததிலேர்ந்து ரம்பம் ஓடுது, எனக்கு ஒண்ணும் கேக்கலே."

"யாரையாவது கேட்டியா?"

"கேக்காம எடுப்பேனா? ஹார்லன்கிட்ட கேட்டேன். மூணு தடவை."

வெர்னா போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மீனின் பக்கத்தில் வைத்தாள்.

"சீஃப், குஸ்டாவ் கிடைச்சாச்சு. ஆர்டிஸ் வீட்டுல. நீங்கதான் எடுத்துட்டுப் போகச் சொன்னீங்களாம்."

"நானா? நான் ஏன் சொல்றேன்?"

ஆர்டிஸ் குனிந்து போனிடம் பேசினாள். "ஹார்லன், நீ ஜன்னல்கிட்ட நின்னே. மீனை எடுத்துட்டுப் போய்ப் பல்லு கட்டித் தர்றேன்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?"

"வேண்டாம்னு சொன்னேன்!"

"ரெண்டாவது தடவை?"

"அப்பவும் வேண்டாம்னுதான்... வெளியே லமான்ட் கேக்கைத் தின்னுக்கிட்டே போறான். போறார். அதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீ எதைப் பத்திக் கேட்டேன்னே எனக்குத் தெரியாது."

"மூணாவது தடவை?"

போனில் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ மெதுவாக உட்கார்கிறார்.

"‘சரி, உனக்குச் சிரமம் இல்லேன்னா’ன்னு சொன்னேன்," என்றது ஹார்லனின் குரல். மிகவும் சின்னக் குரல்.

"எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தீங்க," என்றாள் ஆர்டிஸ். "பல்லு பொருந்துமான்னு மெழுகை வெச்சு ஒரு அச்சு எடுத்தேன். அப்புறம் பின்கதவு வழியாத் தூக்கிட்டு வந்தேன். கதவைத் திறந்து பிடிக்கக்கூட ஒரு ஆள் இல்ல."

க்ளைட் காபியை ஊதினார். "ஊர் மொத்தமும் ஒரு மனுஷன் கேக் திங்கறதைப் பாராக் காவல் பார்த்திருக்கு. பின்னாடி மீன் நடந்து போயிருக்கு."

"சீஃப், மணி ரெண்டு நாற்பது," என்றாள் வெர்னா. "ஸ்கூலுக்குப் போன் பண்ணுங்க."

"நீ பண்ணிடேன் வெர்னா."

"வேண்டாம்."

"உனக்குத்தான் நல்லாப் பேச வரும்."

"வேண்டாம்."

மூவரும் போனையே பார்த்தார்கள். ஹார்லன் மூச்சை இழுப்பது கேட்டது. மூன்றாவது முறை கேட்கப் போகிறார் என்று க்ளைட் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி," என்றார் ஹார்லன். "நானே பண்றேன்."

*

மூன்று மணிக்கு மஞ்சள் பஸ் பள்ளி வாசலில் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் லமான்ட். ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை.

நாலரை மணிக்கு அதே படியில் அதே மூன்று பேர் நின்றார்கள். இம்முறை ஹார்லன் கையில் பேனா இல்லை. ஆர்டிஸ் கொடுத்தனுப்பிய எலுமிச்சைக் கேக் தட்டு இருந்தது.

லமான்ட் கதவைத் திறந்தார்.

"மீன் கிடைச்சுது," என்றார் ஹார்லன். "நான்தான் குடுத்தனுப்பியிருக்கேன். எனக்கே தெரியாம." தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அது பெரிசு இல்ல. நீங்க முதல் தடவை வேண்டாம்னு சொன்னப்பவே நான் போயிருக்கணும். ஸ்கூலுக்குப் போன் பண்ணினது அதை விடத் தப்பு. நீங்க கிளம்பினதை என் கண்ணால பார்த்தவன் நான். மன்னிச்சுக்குங்க."

லமான்ட் அவரை நிதானமாகப் பார்த்தார். கேக்கையும் பார்த்தார்.

"குளிரா இருக்கு. உள்ளே வந்து காபி சாப்பிடுறீங்களா?"

"வேண்டாம் வேண்டாம்," என்றார் ஹார்லன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

லமான்ட் தலையசைத்தார். "சரி."

கதவு மூடிக்கொண்டது.

ஹார்லன் மூடிய கதவின் முன் கேக்கோடு நின்றார். மீசையில் பனி விழுந்தது. க்ளைட் கையுறையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"அவர் உங்க உரிமையை மதிச்சிருக்கார் சீஃப்," என்றாள் வெர்னா.

ஹார்லன் கொஞ்சம் யோசித்தார். மறுபடி தட்டினார். கதவு திறந்தது.

"சரி!" என்றார்.

"என்ன சரி?"

"காபி. முதல் தடவையே சரி."

லமான்ட் முதல்முறையாகச் சிரித்தார். கதவை அகலத் திறந்தார்.

சமையலறையிலிருந்து கராஜுக்குப் போகும் கதவு லேசாகத் திறந்திருந்தது. கம்பளியின் ஒரு நுனி தெரிந்தது. க்ளைட் கழுத்தை நீட்டினார். இன்னும் நீட்டினார். லமான்ட் காபி ஊற்றியபடியே, காலால் அந்தக் கதவைத் தள்ளிச் சாத்தினார். க்ளைட் கூரையைப் பார்த்து, விளக்கு நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

பேச்சு பஸ்ஸில் ஆரம்பித்து, சிகாகோவுக்குப் போய், மீனுக்கு எதற்குப் பல் என்பதில் வந்து நின்றது. அடுத்த மாதக் காபிக்கு வருவீர்களா என்று வெர்னா ஒரே ஒரு தடவை கேட்டாள். வருகிறேன் என்றார் லமான்ட்.

அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். தட்டில் ஒரே ஒரு துண்டு.

லமான்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார். துண்டைச் சரிபாதியாக, மிகவும் கவனமாக வெட்டினார். ஒரு பாதியை எடுத்துக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தார்.

ஹார்லன் மீதிப் பாதியைப் பார்த்தார். கத்தி பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. கையால் எடுத்து, முழுதாக வாயில் போட்டுக்கொண்டார்.

"ஆண்டவரே!" என்றார் க்ளைட்.